ரெண்டையும் எடுங்க

போன் அடித்தபோது அவள் இருட்டறையில் இருந்தாள். இடது கையில் ஒரு முட்டை, வலது கையில் விளக்கு. குஞ்சு பொரிப்பகத்தில் அந்த ஒரு அறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில்கூடக் கறுப்புத் துணி அடித்து வைத்திருந்தார்கள். மெஷினில் சில நாள் அடையிருந்த முட்டைகள் தட்டுத் தட்டாகத் தள்ளுவண்டியில் உள்ளே வரும். ஒவ்வொன்றின் அடியிலும் விளக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். சிவப்பு நரம்புகள் பரவி, நடுவில் ஒரு புள்ளி அசைந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், அது தட்டிலேயே இருக்கும். வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தால் கூமுட்டை. பெருவிரலையும் இரண்டு விரல்களையும் குவித்து அதைத் தூக்கி இடப்பக்கத் தட்டில் போட்டுவிட வேண்டும். பார்த்து முடித்த தட்டு திரும்ப மெஷினுக்குள் போய்விடும். வெளியே வந்துபோனதே முட்டைக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இதுதான் வேலை. மற்றவர்கள் ஒரு தட்டை முடிப்பதற்குள் அவள் மூன்றைத் தள்ளிவிடுவாள், அதில் ஒரு பிசகு கண்டுபிடிக்க முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதை அவள் நிஜமாகவே செய்தாள். லைட்டக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது. அவள் இருக்கும்போது மட்டும் யாரும் கூமுட்டை என்ற வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. ‘காலி’ என்பார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து இந்த மரியாதை. அவளுக்கு அந்த மரியாதைதான் அதிகம் வலித்தது. பழையபடி கூமுட்டை என்றே கத்தித் தொலைத்திருக்கலாம்.

போனில் ஆஸ்பத்திரி லேப் பெண். மூன்று வருஷமாகப் பழகிய குரல்.

“அக்கா, இன்னிக்கு மதியம் உங்களுக்கு வைக்கிறோம்ல. உறைஞ்சிருக்கற கருவை இப்ப வெளிய எடுக்கணும். ஒண்ணு எடுக்கவா, ரெண்டு எடுக்கவா? முடிவு உங்களோடதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க இன்னும் சொல்லவே இல்லியே.”

அவள் கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். புள்ளி அசைந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். பேசிப் பேசி வாய் வலித்ததே தவிர, முடிவு என்று ஒன்று வரவில்லை.

“ரெண்டையும் எடுங்கம்மா,” என்றாள். “பாத்துட்டுச் சொல்லிக்கலாம்.”

“ரெண்டும்தானேக்கா?”

“ஆமா. ரெண்டையும் எடுங்க.”

போனை ஏப்ரனில் போட்டுக்கொண்டு முட்டையைத் தட்டில் வைத்தாள். மனசுக்குள் ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நல்லதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம், இன்னொன்று திரும்ப உள்ளே போகட்டும். இதற்குப் போய் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோமே என்றுகூடத் தோன்றியது. அடுத்த முட்டையை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருந்த கருவில் அந்த இரண்டுதான் மிச்சம். அவள் உடம்பிலிருந்து இனி புதிதாக எடுக்க ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். முதல் தடவை ஒன்று வைத்து, அது தங்கி, ஐந்தாம் மாசம் வரைக்கும் வளர்ந்தது. பெண் குழந்தை. ஒரு நாள் வலியே இல்லாமல் கர்ப்பப்பையின் வாய் திறந்துகொண்டது. புருஷன் ஓட்டும் பள்ளிக்கூட வேனில், சின்னச் சின்ன சீட்டுகளுக்கு நடுவில் அவளைப் படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். குழந்தை போனது. அவளும் போக வேண்டியவள். போன ரத்தத்துக்குப் பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள். வேனின் தரைவிரிப்பை அவன் அதற்கப்புறம் மாற்றிவிட்டான். பழையதை என்ன செய்தான் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“குழந்தைகிட்ட குறை இல்லம்மா,” என்று டாக்டரம்மா போன வாரம் படம் போட்டுக் காட்டினாள். “உங்க கர்ப்பப்பை வாய்க்குப் பலம் போதல. பாரம் ஏற ஏறத் திறந்துக்குது. தையல் போட்டு, படுக்கையிலயே வெச்சு, ஒண்ணைக் காப்பாத்தி வெளிய எடுத்துட முடியும்னு நம்பறேன். ரெண்டுன்னா எனக்கே பயமா இருக்கு. குழந்தைங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான். விதிப்படி ரெண்டு வரைக்கும் வைக்கலாம். என்னைக் கேட்டா ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அதுவே சில சமயம் உள்ள போய் ரெண்டாப் பிரிஞ்சுக்கும். அபூர்வம்தான், ஆனா நான் பாத்திருக்கேன்.”

கடைசியாகச் சொன்னதை அவர்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்று கிடைக்காமல் அல்லாடுகிறவர்களிடம் போய், ஒன்று இரண்டாகும் என்றால் எப்படி ஏறும்?

வேன்காரனுக்கு இரண்டும் வேண்டும். ஊரார் பிள்ளைகளை ஒரு வேன் நிறைய ஏற்றி இறக்கிவிட்டு, வெறும் வேனோடு வீட்டுக்கு வருகிறவன் அவன். “ஸ்டெப்னி இல்லாம எவனாவது வண்டி எடுப்பானா? ஒண்ணு பஞ்சரானா இன்னொண்ணு இருக்கும்ல,” என்று சிரித்தான். அவனுக்கு எல்லாமே வண்டிதான். அவனுடைய அக்காவோ இன்னும் ஒரு படி மேலே. அடுத்த வீட்டுச் சமையலுக்கும் உப்புப் பார்க்கிற ரகம். போனில் வந்து, “ஒரே வலியில ரெண்டு. அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவெச்சுப் படுக்க வேண்டாம். டாக்டர்னா பயமுறுத்தத்தான் செய்வாங்க,” என்று தீர்ப்பெழுதிவிட்டு வைத்தாள்.

லைட்டக்கா மட்டும் ஒன்று என்ற பக்கம்தான் இருந்தாள். ஏன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பொரிப்பகத்தில் முட்டைகளை மெஷினில் அடுக்கும் முன்னாலேயே ஒரு தடவை விளக்குப் பிடிப்பார்கள். ஒரே ஓட்டுக்குள் இரண்டு மஞ்சள் கரு தெரிந்தால் அந்த முட்டை மெஷினுக்குப் போகாது. சாப்பாட்டுக்கு விற்றுவிடுவார்கள். ஒரு தடவை அவள் லீவில் இருந்தபோது, பார்க்கப் பெரிசாக லட்சணமாக இருக்கிறதே என்று ஒருத்தி அப்படி ஒன்றை அடுக்கிவிட்டாள். பொரிக்கிற நாளில் தட்டு முழுக்க ஒரே கீச்சல். அந்த ஒன்று மட்டும் சும்மா கிடந்தது. லைட்டக்காதான் உடைத்துப் பார்த்தாள். இரண்டு குஞ்சுகள், முழுசாக வளர்ந்து, இறகெல்லாம் முளைத்து, ஒன்றின் கழுத்துக்குள் மற்றொன்றின் தலை செருகியிருந்தது. திரும்ப இடமில்லாமல், ஓட்டில் ஒரு கொத்துக்கூடப் போட முடியாமல் இரண்டும் உள்ளேயே முடிந்துபோயிருந்தன. அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மனுஷி வயிறு முட்டை ஓடு இல்லை, விரிந்து கொடுக்கும் என்று தனக்குத் தானே பல தடவை சொல்லிப் பார்த்தாள். உள்ளே எங்கேயோ அது ஏறவில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவன் வேனோடு பொரிப்பகத்து வாசலுக்கு வந்தான். அவள் முன் சீட்டில் ஏறினாள். வேனில் பென்சில் சீவலும் பிள்ளைகளின் வியர்வையும் கலந்த வாசனை. பின் சீட்டில் யாரோ ஒற்றைக் காலுறையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவன் அதை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தான். நாளைக்கு அழுதுகொண்டு வரும், கொடுக்க வேண்டும் என்றான்.

“லேப்லேருந்து கேட்டாங்க. ரெண்டையும் எடுக்கச் சொல்லிட்டேன்.”

அவன் முகம் பளிச்சென்று ஆனது. “அப்படிப் போடு! ஸ்டெப்னியோட கிளம்பியாச்சு.”

“அதெல்லாம் இல்ல. ரெண்டையும் பாத்துட்டு, நல்லது எதுவோ அதை வைப்பாங்க. இன்னொண்ணைத் திரும்ப உள்ள வெச்சுடுவாங்க.”

கியரை மாற்றினான். சிக்னலில் நின்றபோது, அவள் பக்கத்து சீட் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். பிள்ளைகளுக்குச் செய்கிற பழக்கம்.

மருத்துவமனையில் அவர்களை நேராக டாக்டரம்மாவின் அறைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றாள். அது அவள் வழக்கமில்லை.

“ரெண்டு வைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டர். ஒண்ணுதான். பாத்துட்டு இன்னொண்ணைத் திரும்ப வெச்சுடலாம்னு…”

“எங்க வெக்கறது?”

“அதான், அது இருந்த எடத்துலயே.”

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். உறைந்திருப்பதை வெளியே எடுப்பது என்றால் உருக்குவது. உருகி உயிர் வந்தாயிற்று. இரண்டுக்கும் வந்தாயிற்று. இன்னொரு தடவை உறைய வைக்கலாம், வைக்கவே முடியாது என்று இல்லை. ஆனால் அடுத்த தடவை வெளியே எடுக்கும்போது அது பிழைக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பாதிக்கும் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் பெண் மேலும் தப்பில்லை. ரெண்டையும் எடுங்க என்றால் ரெண்டையும் வைக்கப் போகிறார்கள் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். நானே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

அவள் தன் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் தட்டுத் தட்டாக வெளியே எடுத்து, பார்த்து, உள்ளே தள்ளிய கை. அந்தக் கையின் ஞாபகத்தில் வாய் பேசிவிட்டது. இவ்வளவு காலம் வேலை செய்து, ஒரு தட்டு மாறிப் போனதில்லை அவளுக்கு. கடைசியில் சொந்தத் தட்டில் கைவைத்துத் தப்புச் செய்திருக்கிறாள்.

“அப்பவும் நான் சொல்றது ஒண்ணுதான்,” என்றாள் டாக்டரம்மா. “ஒண்ணை வைப்போம். இன்னொண்ணைத் திரும்ப உறைய வெச்சுட்டு, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுடுவோம்.”

வேன்காரன் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான். ‘உங்களுக்கும்தான்’ என்று டாக்டரம்மா போன வாரம் சொன்னது இப்போதுதான் அவனுக்குள் இறங்கியது போலிருந்தது.

“ஒண்ணு போதும் டாக்டர்,” என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

“எனக்குப் பாக்கணும்,” என்றாள் லைட்டக்கா.

லேப்பின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் திரை இருந்தது. லேப் பெண் உள்ளேயிருந்து எதையோ திருகினாள். திரையில் சாம்பல் வெளிச்சம் பரவி, அதில் இரண்டு வட்டங்கள் தெளிந்தன. மெல்லிய ஓரம், உள்ளே குமிழ் குமிழாகச் செல்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒன்றாவது மங்கலாக இருக்காதா, ஒன்றாவது ஓரம் பிசிறியிருக்காதா என்று தேடினாள். அப்படி இருந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியும். கை அதுவாகவே செய்துவிடும்.

“எதும்மா நல்லது?”

லேப் பெண் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “ரெண்டுமே நல்லா இருக்குக்கா. ரெண்டுமே ரொம்ப நல்லா இருக்கு.”

உயிரில்லாததை எடுத்துப் போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். உயிருள்ளதை எடுத்துப் போட்டதில்லை. நடைபாதையில் அவன் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நிறைமாத வயிற்றுக்காரி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ரகசியமாகப் பேசத் தெரியாது. இன்றைக்குப் பேசினான்.

“இந்தா, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன், ஸ்டெப்னி அது இதுன்னு. எங்கக்கா பேச்சையெல்லாம் தூக்கிப் போடு. எனக்கு நீ வேணும். அன்னிக்கு வேன்ல நீ கெடந்த கெடப்பு எனக்குத்தான் தெரியும். கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டினேன்.”

“நான்தாங்க எடுக்கச் சொன்னேன்.”

“தெரியாம சொன்னே.”

“தெரியாம சொன்னாலும் வெளிய எடுத்தாச்சு. நல்லா இருக்கு, பாத்தீங்கல்ல. அதைப் போய் வேணாம்னு எப்படிங்க சொல்றது? ஒண்ணை வெச்சுக்கிட்டு, காலம் பூரா நான் இன்னொண்ணையே நெனைச்சுக்கிட்டு இருப்பேன்.”

“நீ இருந்தாத்தானடி நெனைக்கறதுக்கு!”

சொன்ன பிறகு அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. வயிற்றுக்காரி கண்ணைத் திறந்து இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். லைட்டக்கா அவன் கையிலிருந்து முழங்கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் திரையில் பார்த்த அந்த இரண்டு வட்டமும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவள் திரும்பி நடந்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், ரெண்டையும் வைக்கச் சொன்னாள்.

டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. கையுறை மாட்டும்போது மட்டும், “ரெண்டும் தங்கணும்னு வேண்டிக்கறதா, ஒண்ணாவது தங்காம இருக்கணும்னு வேண்டிக்கறதான்னு தெரியலம்மா எனக்கு,” என்று முணுமுணுத்தாள். அது டாக்டர் பேச வேண்டிய பேச்சில்லை. அதனாலேயே லைட்டக்காவுக்கு அது மறக்கவில்லை.

விளக்கைக் குறைத்தார்கள். அந்த அறையும் அவளுடைய இருட்டறை மாதிரியே ஆகிவிட்டது. சுவரிலிருந்த ஒரு சின்ன ஜன்னல் திறந்து லேப் பெண் மெல்லிய குழாயை நீட்டினாள். வலி ஒன்றும் இல்லை. திரையில் கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னி நின்றது. லேப் பெண் குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையே என்று லென்ஸில் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“காலி.”

படுத்தபடியே அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. குழாயைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தும் போட்டது.

தங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் கர்ப்பத்தைக் காட்டும் எண் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்று போனில் சொன்னபோது லேப் பெண் சந்தோஷமாகச் சொன்னாளா, யோசித்துச் சொன்னாளா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. வேன்காரன் நடைபாதையில் பேசியதையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டான். பயந்தவன் சந்தோஷப்பட ஆரம்பித்தால் அளவே இருக்காது. வேனை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். பின்னால் வருகிறவர்கள் ஹாரனடித்துத் திட்டினால், “உள்ள ரெண்டு பேர் இருக்காங்க” என்று அவர்களுக்குக் கேட்காதபடி பதில் சொல்லிக்கொண்டான். அக்காக்காரி பெயர்கள்கூடப் பார்க்கத் தொடங்கிவிட்டாள், ஜோடி ஜோடியாக. பொரிப்பகத்தில் லைட்டக்காவுக்கு லீவு கொடுத்து, விளக்கை வேறொருத்தி கையில் கொடுத்திருந்தார்கள். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் கையை வைக்காமல் பார்த்துக்கொண்டாள். பாரம் எதுவும் ஏறக் கூடாது என்று ஒரு பயம். சாப்பிட்ட சோறுகூட அவளுக்குக் கனத்தது.

முதல் ஸ்கேனுக்குப் போன அன்று வெளியே நல்ல வெயில். உள்ளே அதே குறைந்த விளக்கு. அவன் கால்மாட்டில் நின்றுகொண்டான். அவன் நின்ற இடத்திலிருந்து திரை பக்கவாட்டில்தான் தெரியும். அவளுக்கு நேராகத் தெரிந்தது. முதல் பிள்ளையின்போது டாக்டரம்மா இதையெல்லாம் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். கறுப்பாக ஒரு பை தெரிந்தால் அது குழந்தையின் வீடு. அதற்குள் சின்னதாக ஒரு வெள்ளை வளையம் இருக்கும். ‘குழந்தைக்கு இப்போதைக்கு இதுதான் சாப்பாடு, முட்டையில மஞ்சக்கரு இருக்குல்ல, அது மாதிரி. உங்களுக்குத் தெரியாததா?’ என்று அப்போது சிரித்திருக்கிறாள்.

முதலில் ஒரு பை வந்தது. உள்ளே ஒரு வளையம். வளையத்துக்குப் பக்கத்தில் அரிசியளவு ஒன்று படபடத்தது.

“ஒண்ணு,” என்றாள் டாக்டரம்மா.

கருவி நகர்ந்தது. இரண்டாவது பை வந்தது.

“ரெண்டு!” டாக்டரம்மா சொல்வதற்கு முன்னால் அவனே சொல்லிவிட்டான். கால்மாட்டில் நின்றபடி இரண்டு விரலை உயர்த்தி அவளுக்குக் காட்டினான். வாயெல்லாம் பல்.

கருவி நின்ற இடத்திலேயே நின்றது. கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் சாய்த்து, மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. அதற்குள் லைட்டக்கா பார்த்துவிட்டாள். அவளுக்கு ஒரு பார்வை போதும், வாழ்நாளெல்லாம் ஒரு பார்வையில் பார்த்தவள்தானே. இரண்டாவது பைக்குள் இருந்த வளையம் ஒன்றல்ல. இரண்டு, ஒன்றையொன்று ஒட்டினாற்போல. இரண்டின் ஓரத்திலும் படபடப்பு.

“கொஞ்சம் இருங்கம்மா,” என்று டாக்டரம்மா திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

“என்னங்க டாக்டர், ரெண்டும் நல்லா இருக்கா?” என்றான் அவன். உயர்த்திய விரல்கள் அப்படியே நின்றிருந்தன.

திரையின் வெளிச்சம் இப்போது டாக்டரம்மாவின் முகத்தில் மட்டும் விழுந்தது. அவள் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டிலின் விரிப்பு மேல், லைட்டக்காவின் வலது கை அவளைக் கேட்காமலே எழுந்தது. பெருவிரலும் இரண்டு விரல்களும் குவிந்து, எதையோ பதமாகத் தூக்கி, இடப்பக்கம் கொண்டுபோய், வைப்பதற்குத் தட்டு இல்லாமல் அந்தரத்திலேயே நின்றது.